ஜெக்கெட் பையில் மினுங்கிய சிவப்பு

விளக்கை அணைத்துவிட்டுப் படுத்த பிறகுதான் ஷர்மினி அதைப் பார்த்தாள். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய ஜெக்கெட்டின் வயிற்றுப் பக்கத்தில் சிவப்பாக ஒரு புள்ளி மினுங்கியது. அணைந்தது. மனத்துக்குள் பத்து எண்ணுவதற்குள் மறுபடி மினுங்கியது. எழுந்துபோய்ப் பைக்குள் கையை விட்டாள். தீப்பெட்டி அளவில் வெள்ளையாக ஒரு பிளாஸ்டிக் பெட்டி வந்தது. அதன் முதுகில் ஒட்டுநாடா பாதி பிய்ந்து தொங்கியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தப் பெட்டி அந்நேரம் இருக்க வேண்டிய இடம் பாசிர் கூடாங் துறைமுகம். சீல் வைத்த ஒரு குளிர் கண்டெய்னருக்குள், பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரியில், இருபத்தைந்து டன் ஆட்டிறைச்சியோடு அது கிடந்திருக்க வேண்டும்.

ஷர்மினிக்குப் பதினெட்டு வயது. பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த மாதங்களில் மனோகரனின் ஃபார்வர்டிங் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். வெளிநாட்டிலிருந்து வரும் சரக்குக்குச் சுங்கத்தில் தாள்களைக் கொடுத்து, அதிகாரி திறந்து பார்க்கும்போது கூடவே நின்று, சரக்கை வெளியே எடுத்துக் கொடுப்பது அந்தக் கம்பெனியின் தொழில். முதலாளியோடு சேர்த்து ஆறே பேர். ஆறு பேருக்கும் ஒரே குளிர் ஜெக்கெட். பழைய துணி விற்கும் பண்டல் கடையில் வாங்கியது. யாருக்கும் சரியான அளவு கிடையாது. குளிர் கண்டெய்னரைத் திறக்கும் நாளில் யார் போகிறாரோ அவர் மாட்டிக்கொள்வார். துவைப்பது வாரத்துக்கு ஒருவர் முறை. அந்த வாரம் ஷர்மினியின் முறை. அதனால்தான் ஜெக்கெட் வீட்டுக்கு வந்தது, பெட்டியும் வந்தது.

மத்தியானம் நடந்ததை அவள் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். பரிசோதனைக்கு வந்தவர் சுங்க அதிகாரி கிருஷ்ணகுமாரி. துறைமுகமே குமாரி மேடம் என்று சொல்லும். சிலோன் தமிழ்க் குடும்பம். அப்பா, சித்தப்பா என்று எல்லோரும் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்கள். ஒரு முத்திரை குறைந்தால் போதும், கிளார்க்குகளைத் திருப்பி அனுப்பிவிடுவார். தாமான் புத்ரியிலிருந்து இரண்டு முறை வந்துபோன கிளார்க் ஒருவர் மூன்றாம் முறை அழுதுவிட்டார் என்று ஒரு கதை உண்டு. குளிர்ச் சரக்கில் மட்டும் அவருக்கு ஓர் அவசரம். கதவு திறந்த நிமிடத்திலிருந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். இறைச்சி உருகிவிடக் கூடாது.

மூன்று மணிக்குக் கதவைத் திறந்தார்கள். வெள்ளையாகப் புகை உருண்டு வந்து காலைச் சுற்றியது. மேடம் முன்வரிசைப் பெட்டி ஒன்றை இழுக்கச் சொன்னபோது அதன் பக்கவாட்டில் ஒட்டியிருந்த இந்தக் குட்டிப் பெட்டியை அவரே கழற்றி எடுத்தார். டேட்டா லாகர் என்பார்கள். அனுப்புகிறவர் உள்ளே ஒட்டிவிடுவார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எத்தனை டிகிரி என்று அது பதிந்துகொண்டே கடல் தாண்டி வரும். அளவுக்கு மேல் சூடு ஏறினால் சிவப்பாக மினுங்கும். "இதைப் பிடியும் பிள்ளை" என்று மேடம் அவளிடம் கொடுத்தார். அவளும் பிடித்தாள். அப்புறம் பெட்டிகளை எண்ணச் சொன்னார், படம் எடுக்கச் சொன்னார். விரல் மரத்துப்போய்ப் போன் நழுவப் பார்த்தது. ஒரு நிமிடத்துக்கு என்று லாகரைப் பையில் போட்டாள். மேடம் இறைச்சியில் துளைபோட்டு ஊசியை இறக்கிச் சூடு பார்த்தார். சரியாக இருந்தது. பெட்டிகள் உள்ளே போயின, கதவு மூடியது, சீல் விழுந்தது. தூறல் பிடித்துக்கொண்டதால் ஜெக்கெட்டைக் கழற்றாமலே மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

நாளைக் காலை ஏழு மணிக்கு அந்தக் கண்டெய்னர் உலு திராமுக்குப் போகும். அங்கே குளிர்கிடங்கு வைத்திருப்பவர் ஐயாசாமி. ஊரில் டவுக்கே, பெரிய முதலாளி, என்றால் அவர்தான். கதவு திறந்ததும் அவர் முதலில் இறைச்சியைப் பார்க்க மாட்டார், லாகரைத்தான் தேடுவார். அதைக் கணினியில் செருகினால் பயணம் முழுக்க உள்ளே எத்தனை டிகிரி இருந்தது என்று கோடாக வரும். லாகர் இல்லாத சரக்கை அவர் எடுத்ததில்லை. சிவந்த லாகரோடு வந்த சரக்கை எடுத்ததே இல்லை. போன வருடம் நாலு மணி நேரம் சூடு ஏறியதற்காக ஒரு கண்டெய்னரையே திருப்பிவிட்டவர். திருப்பினால் அந்த இறைச்சி அழிக்கத்தான் போகும். மனோகரன் கம்பெனிக்கு வரும் வேலையில் பாதி ஐயாசாமி கொடுப்பது. அதுவும் போனால் ஆறு பேரும் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

வீட்டில் யாரும் இல்லை. அம்மா தொழிற்சாலைப் பேருந்தில் இரவு ஷிஃப்டுக்குப் போயிருந்தார். ஷர்மினி கமலநாதனுக்குப் போன் போட்டாள். நாளைக்கு அந்தக் கண்டெய்னரை இழுத்துக்கொண்டு போகப்போகும் லோரிக்காரர் அவர். சேர்ந்த முதல் நாளே அவளுக்குத் தன் கையுறையைக் கொடுத்தவர்.

எல்லாவற்றையும் கேட்டதும் அவர் பதறினார்.

"அலமாக். சீல உடைச்சு உள்ள வச்சிடலாம்னு மட்டும் நெனைக்காத. அதுக்கு ஜெயில்லா."

"அப்ப என்னண்ணே பண்றது?"

"வீட்டுல ஃப்ரிட்ஜ் இருக்குல்ல? ஐஸ் பெட்டியில போட்டு வை. காலைல ஜில்லுனு ஆயிடும். கதவு தொறக்கறப்ப நான் மெதுவா கீழ போட்டுர்றேன். விழுந்து கெடந்துச்சுன்னு சொல்லிக்கலாம்."

அவருக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. பயத்தில் அவளுக்கும் பட்டது. போய் ஐஸ் பெட்டியைத் திறந்தாள். அம்மா மஞ்சள் தடவி வைத்திருந்த கெம்போங் மீன் பொட்டலத்துக்குப் பக்கத்தில் லாகரை வைத்து மூடினாள். சமையலறைத் தரையில் உட்கார்ந்து ஃப்ரிட்ஜைப் பார்த்தபடியே இருந்தாள். இருபது நிமிடம் கழித்துத் திறந்தால் மீன் பொட்டலத்தின் மேல் பனி பூத்திருந்தது. லாகர் மட்டும் சிவப்பாகவே மினுங்கியது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அது குளிர்ந்ததும் மறந்துபோகிற சாமான் இல்லை. ஜெக்கெட் பையில் கிடந்த சூட்டையும் பதிந்திருக்கிறது. இப்போது தான் அதை ஒளித்து வைத்த இந்தக் குளிரையும் பதிந்துகொண்டிருக்கிறது. தவறி எடுத்து வந்தது ஒரு தப்பு. இது வேறு தப்பு. உடனே அதை வெளியே எடுத்தாள்.

பரிசோதனை நேரம் சொல்வதற்கென்று ஒரு வாட்ஸாப் குழு உண்டு. அதில் குமாரி மேடத்தின் எண் இருந்தது. அந்த எண்ணுக்குத் தனியாக யாரும் எதுவும் அனுப்பியதாக ஷர்மினி கேள்விப்பட்டதில்லை. மணி பத்தேகால். எழுதிப் பார்த்தாள், கை ஓடவில்லை. பேசுகிற பொத்தானை அழுத்திக்கொண்டு பேச ஆரம்பித்தாள். மன்னிப்புக் கேட்டாள். மூன்று மணியிலிருந்து ஒன்று விடாமல் சொன்னாள். நடுவில் இரண்டு தடவை அழுதாள். ஐஸ் பெட்டி வரைக்கும் வந்ததும் நின்றாள். அதை விட்டுவிடலாமா என்று தோன்றியது. மேடத்துக்கு அது எப்படியும் தெரியப்போவதில்லை.

"மேடம், இன்னொன்னு இருக்கு. ஒருத்தர் சொன்னாருன்னு அத எங்க வீட்டு ஐஸ் பெட்டியில வச்சேன். மீன் பக்கத்துல. இருபது நிமிஷம். அப்புறம் எடுத்துட்டேன். ஒருத்தர் சொன்னாருன்னாலும் வச்சது நான்தான். எனக்குப் பயமா இருக்கு மேடம். எங்க பாஸுக்கு இன்னும் சொல்லல."

ஏழு நிமிடம் வந்திருந்தது. அனுப்பினாள். நெடுநேரம் எதுவும் வரவில்லை. தெருமுனைக் கோவிலில் பஜனை முடிந்து மோட்டார் சைக்கிள்கள் கிளம்பிப் போயின. பதினொன்று ஆகும்போது ஒரு வரி வந்தது.

"காலமை ஆறரைக்குத் துறைமுகக் கேட்டுக்கு வாரும். முதலாளிக்குச் சொல்லும். அந்தச் சாமானை இனி எங்கேயும் கொண்டுபோய் வைக்க வேண்டாம்."

கோபமா, போலீஸா, எதுவும் அதிலிருந்து தெரியவில்லை. லாகரை மேசையில் வைக்கவும் அவளுக்குத் தைரியம் வரவில்லை. உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு விடியும்வரை சுவரில் சாய்ந்திருந்தாள்.

ஐந்தரைக்கு மனோகரனைப் போனில் எழுப்பிச் சொன்னாள். அவர் படுக்கையிலிருந்து எழும் சத்தம் கேட்டது. "சரி, நான் வரேன்" என்றார். கேட்டில் அவரைப் பார்த்தபோது சட்டைப் பொத்தான்கள் ஒன்று மாறி ஒன்றில் மாட்டியிருந்தன. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

குமாரி மேடம் தன் காரிலிருந்து சீருடையோடு இறங்கினார். லாகரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காரின் முன்மூடி மேல் அலுவலகத் தாள் ஒன்றை விரித்து எழுதத் தொடங்கினார். தன் சின்னக் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்து நேரங்களை இறக்கினார்: கதவு திறந்தது, இறைச்சியில் ஊசி இறங்கியது, கதவு மூடியது, சீல் எண்.

ஷர்மினிக்கு எட்டிப் பார்த்ததில் முதல் வரி தெரிந்தது. தானே லாகரைக் கழற்றியதாக அவர் எழுதியிருந்தார்.

"மேடம், உங்க மேல வந்துரப்போவுது. நான் பையில போட்டதுதானே?"

"நடந்ததைத்தான் எழுதுறன். நான் கழட்டினது முதல் வரி. நீர் பையில வச்சது ரெண்டாவது வரி. மீன் மூண்டாவது வரி."

மனோகரன் தலையைக் குனிந்துகொண்டு, இப்படி வந்து உதவுவதற்கு எப்படி நன்றி சொல்வது என்று மெல்ல ஆரம்பித்தார். மேடம் எழுதுவதை நிறுத்தவில்லை.

"உதவி எண்டு ஒண்டுமில்லை. எடுத்த சாமான் எல்லாம் திரும்ப உள்ள வச்சாச்சு எண்டு நேத்து நான் கையெழுத்துப் போட்டனான். அது இப்ப உண்மையில்லை. என்ர தாளை நான் திருத்திறன்."

முத்திரை குத்தி, ஒரு நகலைத் தன் கோப்பில் வைத்துக்கொண்டு, மற்றதை ஷர்மினியிடம் நீட்டினார். முதலாளியிடம் கொடுக்காமல் தன்னிடம் கொடுத்தது ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை. போகிறபோது திரும்பி, அந்த 'ஒருத்தர்' யார் என்று தான் கேட்கப்போவதில்லை என்றும் சொன்னார். பக்கத்தில் லோரியின் டயரை அக்கறையாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கமலநாதன் இன்னும் அக்கறையாகத் தட்டினார்.

லோரி முன்னால் போனது. மனோகரனின் வேனில் அவள் பின்னால் போனாள். வழியில் ஒரு கடையில் நிறுத்தி அவர் நாசி லெமாக் பொட்டலம் ஒன்றை வாங்கி அவள் மடியில் வைத்தார். தொண்டையில் இறங்காது என்றாள். இறங்காவிட்டாலும் கையில் வைத்துக்கொள், டவுக்கேயிடம் பேசும்போது காலி வயிறு உதவாது என்றார். பேசப்போவது நீதான் என்று அதற்கு அர்த்தம். அவள் பாதி சாப்பிட்டாள்.

உலு திராமில் ஐயாசாமி கிடங்கு வாசலிலேயே நின்றார். கட்டையான மனிதர், குளிருக்குள்ளும் அரைக்கால் சட்டைதான். ஷர்மினி சீலை உடைக்குமுன் அவரிடம் போய்த் தாளையும் லாகரையும் நீட்டினாள். நடந்ததைச் சொன்னாள். சிவப்பு மினுக்கைப் பார்த்ததுமே அவர் முகம் மாறியது. சரக்கைத் தொட வேண்டாம் என்று ஆட்களுக்குக் கையைக் காட்டிவிட்டு உள்ளே போய் லாகரைக் கணினியில் செருகினார். மனோகரனும் அவளும் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள்.

திரையில் கோடு வந்தது. பதினைந்து நாள் பயணம் அடிக்கோல் வைத்து இழுத்த மாதிரி நேராக இருந்தது. நேற்று மூன்று மணி தாண்டியதும் சுவர் மாதிரி மேலே ஏறியது. ஐயாசாமி அந்த இடத்தில் விரலை வைத்துத் தாளில் இருந்த நேரத்தோடு ஒத்துப் பார்த்தார். இருபத்தைந்து டன் இறைச்சி கால் மணியில் இப்படிச் சூடாகாது என்று முணுமுணுத்தார். அது ஷர்மினிக்குக் கேட்டது. விரல் நகர்ந்தது. முப்பத்து மூன்று டிகிரி: ஜெக்கெட்டோடு மோட்டார் சைக்கிளில் வந்த நேரம். இருபத்தெட்டு: ஆணியில் தொங்கிய நேரம். அப்புறம் கோடு கிணற்றுக்குள் விழுந்த மாதிரி கீழே போய் உடனே ஏறியது. விரல் அங்கே நின்றது.

"இது என்னா?"

தாளில் மூன்றாவது வரியாக அது இருந்தது. இருந்தாலும் அவர் கேட்டார்.

"எங்க வீட்டு ஐஸ் பெட்டி, டவுக்கே. பயத்துல வச்சிட்டேன். ஏமாத்தத்தான் வச்சேன். அப்புறம் மனசு கேக்கல, எடுத்துட்டேன்."

ஐயாசாமி நாற்காலியைத் திருப்பி அவளைப் பார்த்தார். அந்த ஓர் இடத்துக்காகவே அவர் சரக்கைத் திருப்பலாம். லாகரை வைத்து விளையாடியவர்களோடு அவர் மறுபடி வியாபாரம் செய்ததில்லை. வெளியே லோரி எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது.

அவர் மறுபடி திரைக்குத் திரும்பினார். பதினொரு மணியிலிருந்து காலை ஆறரை வரை கோடு மேலே ஒரே மட்டமாக ஓடியது.

"ராவு பூரா முப்பத்து நாலு. அடுப்புப் பக்கத்துல வச்சியா?"

"கையில வச்சிருந்தேன்."

"ராவு பூராவுமா?"

"எங்க வைக்கிறதுன்னு தெரியல."

அவர் எழுந்து ஊசித் தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டார். சீலை உடைக்கச் சொன்னார். முன்னால் இரண்டு பெட்டி, நடுவில் இரண்டு, கடைசியில் சுவரோரம் இரண்டு என்று இறக்கச் சொல்லி, தானே துளைபோட்டு, தானே படித்தார். பதினெட்டு. பதினெட்டு. பத்தொன்பது. கண்டெய்னரின் சொந்தப் பதிவையும் இறக்கிப் பார்த்தார். கதவு திறந்த அரைமணி நேரத்தில் சின்ன மேடு, அவ்வளவுதான். ஒவ்வொன்றாகச் சரியாக வர வர ஷர்மினியின் கண் மங்கிக்கொண்டே வந்தது. ஆறாவது பெட்டியை அவள் பார்க்கவே இல்லை.

ஐயாசாமி பெற்றுக்கொண்டதற்கான தாளில் கையெழுத்துப் போட்டார். குமாரி மேடத்தின் தாளை அதோடு சேர்த்துப் பின் அடித்தார்.

"சரக்கு நல்லாத் தூங்கியிருக்கு. நீதான் தூங்கல" என்றார். அப்புறம் மனோகரனிடம், அடுத்த மாதம் மூன்று கண்டெய்னர் வருகிறது, இந்தப் பிள்ளையையே பரிசோதனைக்கு அனுப்பு என்றார்.

வெளியே கமலநாதன் காத்திருந்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்று தெரிந்ததும் அவருக்கு வாய் திரும்பிவிட்டது.

"என் பேரச் சொல்லலயே நீ. இனிமே உனக்கு மீன் வாங்கறதெல்லாம் நான்தான், கெம்போங்கு."

அன்றிலிருந்து அவர் வாயில் அவள் பெயர் கெம்போங்குதான். அவள் அதற்கு ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை.

திரும்பி வரும்போது வேனில் மேடத்துக்கு எழுதத் தொடங்கினாள். நீளமாக எழுதினாள். அந்த ஏழு நிமிடத்தையும் பொறுமையாகக் கேட்டதற்கு, அத்தனை காலையில் வந்ததற்கு, முதல் வரியைத் தன்மேல் எழுதிக்கொண்டதற்கு, தாளை அவள் கையில் கொடுத்ததற்கு. எழுதியதைப் படித்துப் பார்த்தாள். மேடத்துக்கு இது பிடிக்காது என்று பட்டது. அழித்துவிட்டு, டவுக்கே எடுத்துக்கொண்டார், ரொம்ப நன்றி மேடம் என்று மட்டும் அனுப்பினாள்.

"சரி" என்று வந்தது. சிறிது நேரம் கழித்து இன்னொன்று வந்தது. "போய் நித்திரை கொள்ளும்."

அம்மா ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்திருந்தார். ஷர்மினி பக்கத்தில் போய் அவரை ஒட்டிப் படுத்தாள். சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. சொல்லுமுன் தூங்கிவிட்டாள்.

அடுத்த வாரம் இன்னொரு குளிர்ச் சரக்கு. அலுவலகத்தில் ஜெக்கெட்டை எடுத்து மாட்டியபோது ஏதோ வித்தியாசமாக இருந்தது. அப்போது பார்க்க நேரமில்லை. கதவு திறந்தது, புகை காலைச் சுற்றியது, குமாரி மேடம் உள்ளே ஏறினார். பக்கத்தில் வேறு இரண்டு கம்பெனிக் கிளார்க்குகள் தங்கள் முறைக்கு நின்றார்கள். மேடம் பெட்டியில் ஒட்டியிருந்த லாகரைக் கழற்றினார். கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் சுற்றிப் பார்த்தார்.

"ஷர்மினி. இதைப் பிடியும்."

அவள் வாங்கினாள். விரல் மரத்தது. பழக்கத்தில் கை தானாகப் பைக்குப் போய்த் துணியில் முட்டி நின்றது. பை இல்லை. பைவாய் முழுக்கத் தூண்டில் நரம்பால் கோணல்மாணலாகத் தைத்து மூடியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரையில் தூண்டில் போடுகிறவர் அந்தக் கம்பெனியில் ஒருவர்தான். மனோகரன்.

குளிருக்குள் நின்றபடி அவள் சிரித்துவிட்டாள். மேடம் திரும்பிப் பார்த்தார். அவள் லாகரை இரண்டு கைகளிலும் ஏந்தி, அவர் பார்க்கும்படி நெஞ்சுக்கு நேராக உயர்த்திப் பிடித்துக்கொண்டாள். கடைசிப் பெட்டி உள்ளே போய், மேடம் புது நாடாவைக் கிழித்துக் கையை நீட்டும்வரை கீழே இறக்கவில்லை.